மாரிக்கு முன் நிறையவேண்டிய களஞ்சியம்

உணவுப் பாதுகாப்பு என்பது, ஒரு நாட்டில் ஓராண்டில் விளைந்த நெல்லையும் பிடிபட்ட மீனையும் கூட்டி மக்கள்தொகையால் வகுத்துப் பெறும் எண்ணாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1996இல் உரோமில் கூடிய உலக உணவு உச்சிமாநாடு, எல்லா மக்களும் எல்லா வேளைகளிலும் போதிய, பாதுகாப்பான, சத்துள்ள உணவைப் பெறும் வழியும் வசதியும் உடையோராய் இருக்கும் நிலையே உணவுப் பாதுகாப்பு என வரையறுத்தபின், உணவு இருத்தல், அதை அடையும் வழி இருத்தல், உடல் அதைப் பயன்கொள்ளல், இம்மூன்றும் காலந்தோறும் குலையாதிருத்தல் என்னும் நான்கு கூறுகளாக ஆய்வாளர் அதைப் பிரித்து நோக்கலாயினர். வன்னிக் கரையோரத்தைப் பொறுத்தவரை இந்நான்கில் இறுதியாகச் சொல்லப்படுவதே முதலில் வைக்கப்படவேண்டியது. முல்லைத்தீவு மாவட்டத்தின் கடற்கரைக் கிராமம் எதை எடுத்துக்கொண்டாலும், ஆண்டுக் கணக்கில் அது தன் தேவைக்கு மிஞ்சியே மீன் பிடிக்கிறது. அதன் முதுகுப்புறத்தில் உள்ள வயல்களும் தம் தேவைக்கு மிஞ்சியே விளைகின்றன. ஆயினும் அதே கிராமத்தில் குறித்த மூன்று மாதங்களுக்கு அடுப்பு எரிவது ஐயத்துக்கு இடமாகிவிடுகிறது. ஆண்டுச் சராசரியைக் கொண்டு திட்டமிடும் எந்த அலுவலகத்துக்கும் இந்த மூன்று மாதங்கள் கண்ணில் படுவதில்லை.

அனர்த்தத்தைத் தாங்கும் ஆற்றல் என்பதும் இவ்வாறே குறுகிய பொருளில் வழங்கிவருகிறது. புயலோ வெள்ளமோ வந்தபின் எத்தனை பேர் உயிர் தப்பினர், எத்தனை வீடுகள் மீளக் கட்டப்பட்டன என்பவற்றால் அது அளக்கப்படுகிறது. அடியை வாங்கிய ஒரு சமூகம் தன் உணவு, தொழில், கடன், நிலம் ஆகியவற்றை அடுத்த பருவத்துக்குள் தன் கையில் மீளக் கொண்டுவர முடிகிறதா என்பதே அச்சொல்லின் முழுப்பொருள். அப்பொருளில் பார்த்தால், உணவுப் பாதுகாப்பையும் அனர்த்தத் தாங்குதிறனையும் இரு வேறு திணைக்களங்களின் இரு வேறு கோப்புகளாக வைத்திருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

வவுனியா வடக்கிலுள்ள, கடலைக் காணாத நெடுங்கேணியில் இருந்துகொண்டு கரையோரத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்ற வினா எழலாம். புளியங்குளம் பக்கத்தில் தோன்றும் பேராறு வடகிழக்காக ஓடி, முத்தையன்கட்டுக் குளத்தில் தேங்கி, அதைக் கடந்து நந்திக்கடலில் சேர்கிறது. வவுனியா வடக்கில் பெய்யும் மழைதான் வட்டுவாகல் பாலத்தின் கீழ் உவர்நீரோடு கலந்து கடலுக்குப் போகிறது. இங்குள்ள காடு வெட்டப்பட்டால் அந்த மண் அங்குள்ள இறாலின் படுக்கையில் படிகிறது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய நீர்ப்பரப்புகள் கடல்நீரேரிகள் எனப்படுவன. ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து நிற்கும், ஒடுங்கிய ஒரு வாயால் மட்டும் கடலோடு தொடர்புடைய ஆழமற்ற ஏரிகள் அவை. அவற்றின் நலத்தைத் தீர்மானிப்பதில் பாதி உரிமை உள்நாட்டு ஊர்களுக்கு உண்டு. அந்த உரிமையை இவ்வூர்கள் அறிந்து பயன்படுத்தியதில்லை என்பது வேறு.

இப்பகுதியின் பருவ ஒழுங்கைச் சற்று விரித்து நோக்கவேண்டும். வைகாசி தொடக்கம் ஆவணிவரை வீசும் சோளகம் நிலத்தின் மேலாக வருவதால் முல்லைத்தீவுக் கரையில் கடல் பெரும்பாலும் அமைந்து கிடக்கும். பங்குனியில் தொடங்கி புரட்டாதி வரையிலான காலமே கரைவலைக்கும் வள்ளத் தொழிலுக்கும் உரிய காலம். தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் அங்கிருந்து தொழிலாளர் நாயாறு, கொக்கிளாய்க் கரைகளுக்கு வந்து வாடி அமைப்பதற்கும் இதுவே காரணம். ஐப்பசியில் காற்று மாறி வாடை எழுந்தபின், கார்த்திகையும் மார்கழியும் கடலுக்குப் போக முடியாத நாட்களால் நிறைகின்றன. வயலைப் பார்த்தால், மழையை நம்பிச் செய்யப்படும் காலபோகம், அதாவது பெரும்போகம், புரட்டாதி-ஐப்பசியில் விதைக்கப்பட்டு மாசி-பங்குனியில் அறுவடையாகிறது. எனவே கார்த்திகை, மார்கழி, தை முற்பகுதி ஆகிய மாதங்களில் கடல் அடைபட்டிருக்கிறது. நெல் பச்சையாக நிற்கிறது. சென்ற அறுவடையின் நெல் தீர்ந்துவிட்டது அல்லது தீரும் தறுவாயில் இருக்கிறது. கூலி வேலையும் இல்லை.

புயல்கள் வருவதும் அதே மாதங்களில்தான். 1964 டிசெம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த புயல், 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த புயல், 2000 டிசெம்பர் 26இல் திருகோணமலையைத் தாக்கிய புயல், 2008 நவம்பரில் இடம்பெயர்ந்தோர் கூடாரங்களை நீரில் மிதக்கவிட்ட நிஷா, 2018 டிசெம்பர் 21, 22ஆம் நாட்களில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த பெருமழை, 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவி, 2025 நவம்பர் இறுதியில் நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட டித்வா என, எல்லாம் ஒரே பருவத்துக்குள் அடங்குகின்றன. கடற்கோளுக்கும் பருவத்துக்கும் தொடர்பில்லை. ஆயினும் 2004 டிசெம்பர் 26ஆம் நாள் வந்த அதுவும், இந்த நாட்காட்டியை மதித்ததுபோல், இதே மாதத்தையே தேர்ந்துகொண்டது. பசி மாதங்களும் புயல் மாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதே வன்னிக் கரையோரத்தின் தனித்த இடர். வளிமண்டலத்தில் உருவாகும் தாழமுக்கம் ஏற்கெனவே வெறுமையான வீட்டுக்குள் நுழைவதால்தான் பேரிடராகிறது; அதே தாழமுக்கம் சித்திரையில் வந்தால் கூரையோடு போய்விடும்.

முன்னைய தலைமுறையினர் இந்தப் படிவை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்களுடைய உணவுப்பொருட்களே சான்று. கரைவலையில் மிதமிஞ்சி வீழ்ந்த மீன் ஆனி, ஆடி வெயிலில் கருவாடாயிற்று. ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் விதை பாத்தியில் புதைக்கப்பட்டுக் கிழங்காகி, பிளந்து உலர்த்தப்பட்டு ஒடியலாகவும், அவித்து உலர்த்தப்பட்டுப் புழுக்கொடியலாகவும் அடுத்த மாரிவரை காத்திருந்தது. பழத்தின் களி பாயில் வார்க்கப்பட்டுப் பனாட்டாயிற்று. ஒடியல் மாவைக் கரைத்து, கைக்குக் கிடைத்த மீன், நண்டு, இறால், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், இலைகுழை யாவற்றையும் இட்டுக் காய்ச்சும் கூழ் இன்று விருந்துக்குரிய பண்டமாக உணவகங்களில் விற்கப்படுகிறது. மாவுப்பொருளும் புரதமும் கீரையும் ஒரே பானையில் சேர்ந்து, பலர் பகிர்ந்து உண்ணத்தக்கதாக அமைந்த மாரிக்கால உணவு அது. உள்நாட்டில் குரக்கன், சாமை, எள்ளு, உழுந்து ஆகிய மேட்டுநிலப் பயிர்கள் நெல் பொய்த்தபோது கைகொடுத்தன. கரையிலிருந்து கருவாடும் உப்பும் உள்ளே வந்தன. உள்ளிருந்து நெல்லும் தேனும் தயிரும் கரைக்குப் போயின. சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுக்கப்படும் கடல்நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்காக எரிந்து, வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலை அடையும் வழக்கில், கரையாரும் வயலாரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓரிடத்தில் கூடினர். கொடுக்கல் வாங்கல்களுக்கும் சம்பந்தங்களுக்கும் அந்தக் கூட்டம் இடமளித்தது என்பதைச் சமய வரலாறு எழுதுவோர் கவனிப்பதில்லை.

இக்கையிருப்புகளுக்கு மேலாக, மாரியில் புதிதாக உணவு தந்த ஒரே இடம் கடல்நீரேரி. கோடையில் அலைகள் கொண்டுவந்து குவிக்கும் மணல் ஏரியின் வாயை அடைத்துவிடுகிறது. அடைபட்ட நீர் வற்றி உவர் ஏறுகிறது. மாரி தொடங்கி ஆறுகள் பெருகும்போது நீர்மட்டம் உயர்ந்து மணற்றிட்டை உடைக்கிறது, அல்லது மக்கள் கூடி அதை வெட்டிவிடுகின்றனர். தொடுவாய் எனப்படும் அவ்வாய் திறந்ததும் கடலில் பிறந்த இறாற்குஞ்சுகள் உள்ளே நுழைந்து, நன்னீர் கலந்த அமைதியான நீரில் சேற்றையும் புற்படுக்கைகளையும் பற்றி வளர்கின்றன. வளர்ந்தவை கடலுக்குத் திரும்ப முற்படுகையில் வலையில் வீழ்கின்றன. கடல் மூடப்பட்ட நாட்களில் வள்ளமும் இயந்திரமும் இன்றி, வீச்சுவலையோடோ வெறுங்கையோடோ இறங்கி அன்றைய கறிக்கும் அரிசிக்கும் வழிதேடத்தக்க இடமாக நந்திக்கடல் விளங்கிற்று. கடற்றொழில் பற்றிய புள்ளிவிவரத்தில் இதன் அளவு சிறிதாகவே தோன்றும். அது எந்த மாதத்தில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எடைபோட்டால்தான் அதன் உண்மையான பெறுமதி தெரியவரும்.

தொடுவாயை எப்போது வெட்டுவது என்பது எளிய வினா எனத் தோன்றினும், அதில்தான் வயலும் ஏரியும் மோதுகின்றன. முந்தி வெட்டினால் தாழ்நில வயல்களில் நிற்கும் வெள்ளம் வடியும். ஆனால் ஏரியில் நீர் நிறையுமுன்னரே வற்றிப்போவதால் இறால் வளரக் காலம் போதாது. பிந்தி வெட்டினால் இறாலுக்கு நன்று; ஏரியோர வயல்கள் அழுகும். மேலே முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புக் குளங்களில் வான்கதவுகள் எப்போது திறக்கப்படுகின்றன என்பது தெரியாமல் இதில் முடிவெடுக்கவும் இயலாது. 2018 டிசெம்பர் வெள்ளத்தின்பின் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட நேரம் குறித்து எழுந்த சர்ச்சை, குளத்து நீர் பற்றிய தீர்மானம் பொறியியலாளரின் அறைக்குள் முடிந்துவிடும் ஒன்றன்று என்பதைக் காட்டிற்று. குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது. மீன் கடற்றொழில் திணைக்களத்துக்கு உரியது. கரை கரையோரம்பேணல் திணைக்களத்துக்கு உரியது. 2017இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடங்களாக அறிவிக்கப்பட்டபின் நீர்ப்பரப்பும் அதன் விளிம்பும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உரியனவாயின. கண்டற்காடும் பறவைகளும் பேணப்படவேண்டும் என்பதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. எனினும் தலைமுறைகளாக அந்நீரில் இறங்கிப் பிழைத்தோரைப் பேணுதலின் பங்காளராக ஏற்காமல் எல்லைக்கல் நாட்டினால், அந்தக் கல்லும் நிலைக்காது, கண்டலும் நிலைக்காது.

இவ்வாறு குளம், ஏரி, கடல் என ஒன்றையொன்று தாங்கி நின்ற ஒழுங்கு தானாகத் தளரவில்லை. 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய எல்லையோரக் கிராமங்களின் மக்கள் ஊரைவிட்டு எழுப்பப்பட்டனர்; கால் நூற்றாண்டுக்குப் பின்னரே அவர்களால் திரும்ப முடிந்தது. போர் ஆண்டுகளில் கடலில் தொழில் செய்யும் நேரமும் தூரமும் தடைகளால் குறுகின. எரிபொருளும் உரமும் வன்னிக்குள் வருவது தடுக்கப்பட்ட 1990களில், சங்கக்கடைகளும் மேட்டுநிலப் பயிர்களும் பனையும் மீண்டும் உயிர்பெற்றன என்பதும், அந்த நெருக்கடியில் மக்கள் பட்டினியில் மடியாமற் போனதற்கு அவையே பெரிதும் காரணம் என்பதும் எண்ணிப்பார்க்கத் தக்கவை.

அந்த ஒழுங்கு முற்றாக முறிந்தது 2009இன் முதல் ஐந்து மாதங்களில். பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலாளர் அமர்த்தியா சென், 1981இல் வெளிவந்த தம் நூலில், உணவு இல்லாமையால் மட்டும் மக்கள் பட்டினி கிடப்பதில்லை, உணவின்மேல் தமக்கிருந்த உரித்தை இழப்பதாலேயே கிடக்கின்றனர் என வாதிட்டார். உரித்து என்பது, விளைவித்தோ உழைத்தோ விற்றோ பெற்றோ ஒருவர் உணவைத் தம் வசமாக்கிக்கொள்ளச் சமூகமும் சட்டமும் ஏற்றுள்ள வழி. மாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையிலான ஒடுங்கிய மணற்பரப்பில் ஒருபுறம் கடலும் மறுபுறம் நந்திக்கடலும் இருக்க, இரண்டிலும் மீன் இருக்க, மக்கள் உப்பிட்ட அரிசிக்கஞ்சிக்கு வரிசையில் நின்றனர். அங்கிருந்தோர் ஏறத்தாழ 70,000 பேரே என அரசு அப்போது கணக்குச் சொல்லிற்று. 3,30,000 பேர் வரை அங்கு அடைபட்டிருந்தனர் என்றும், தொகையைக் குறைத்துக் காட்டியதன் விளைவாக உணவும் மருந்தும் குறைந்தன என்றும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. எண்ணப்படாதவருக்கு உணவு இல்லை என்னும் இந்தப் பாடம் போர்க்காலத்துக்கு மட்டும் உரியதன்று. நிவாரணப் பட்டியல் தயாரிக்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும் சிறிய அளவில் அது திரும்ப நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

கடற்கோளைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளமையால், உணவோடு நேரே தொடர்புடைய செய்திகளை மட்டும் இங்கு சுட்டினால் போதும். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 3,000 உயிர்களைக் கொண்ட அவ்வலை, கிணறுகளையும் கொண்டுபோயிற்று. மணற்பாங்கான கரையில் மழைநீர் நிலத்தினுள் இறங்கி, பாரமான உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே கொள்கையளவில் 40 மீற்றர் வரை நன்னீர் இறங்கியிருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மறுதலையாக, மேலே சற்று இறைத்தாலும் கீழே உவர் பன்மடங்கு உயர்ந்து வரும். கடற்கோளின்பின் நல்லெண்ணத்தோடு வந்த பல குழுவினர் கிணறுகளைப் பம்பி வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, சில இடங்களில் உவரை வெளியேற்றுவதற்குப் பதில் அதை மேலே இழுத்துவிட்டனர். அடுத்தடுத்து வந்த மாரிகளே கிணறுகளைத் தெளிவித்தன. படகுகளைப் பொறுத்தவரை, இலங்கைக் கரைகள் பலவற்றில் தேவைக்கு மிஞ்சிய சிறு படகுகள், தரங்குறைந்தவை உட்பட, வழங்கப்பட்டன. வலை பின்னவும் கருவாடு உலர்த்தவும் வாழ்ந்தோருக்கு அவ்வாறு எதுவும் வந்து குவியவில்லை. வடகிழக்கில் உதவியைப் பகிர்வதற்கென 2005 யூன் 24இல் கைச்சாத்தான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை, உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் சில வாரங்களிலேயே செயலிழந்தது. 200 மீற்றர் வெற்றுவலயம் என்ற அறிவிப்போ, கரையிலிருந்து அகற்றப்பட்டவர் கரைவலை இழுப்பதெப்படி என்பதை எண்ணாமலே வெளிவந்து, பின் தளர்த்தப்பட்டது.

உவர் ஏறிய வயலுக்கு மாற்று உண்டு. கேரளத்துப் பொக்காளி நெல்லின் உவர்தாங்கும் தன்மையைக் கலப்பினால் ஏற்றி அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி. 354 என்ற இனம் இலங்கையில் பயிராகி வருகிறது. கடல்நீர் ஏறும் தாழ்நிலங்களுக்கு அத்தகைய விதை அறுவடைக்குப்பின் கிராமத்திலேயே ஒதுக்கிவைக்கப்படவேண்டும். அனர்த்தத்தின்பின் பொதியிட்டு வரும் விதை, விதைப்புக் காலத்துக்கு உரிய நேரத்தில் வந்து சேர்வது அரிது.

இயற்கை எதுவும் செய்யாமலே ஒரு பேரிடர் வரமுடியும் என்பதை 2021, 2022ஆம் ஆண்டுகள் காட்டின. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து வந்த பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியின் சூடு ஆறுமுன், அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் வரிசைகள் நீண்டன. சிறு வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அடுத்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. நாட்டில் ஏறத்தாழ 63 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பற்றோர் என ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன. முன்னர் வயல் பொய்த்தால் கடலும், கடல் அடைபட்டால் ஏரியும் களஞ்சியமும் துணைநின்றன. இம்முறை வயலும் கடலும் ஒரே காரணத்தால், அதுவும் கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவுகளால், ஒருங்கே முடங்கின. இரண்டும் இறக்குமதிப் பொருளை நம்பியவையாக மாறிவிட்டிருந்தமையே அதன் அடிப்படை. பாய்விரித்தும் துடுப்பு வலித்தும் தொழில் செய்த காலத்துக்குத் திரும்புமாறு எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஏரியில் இறங்கி இறால் பிடிப்பதற்கு மண்ணெண்ணெய் வேண்டியதில்லை என்பது மட்டும் நினைவில் இருத்தல் நன்று.

வீட்டுக் களஞ்சியம் மறைந்த கதை இதனினும் அமைதியாக நிகழ்ந்தது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியபின் நெல் ஈரத்தோடே வரம்பில் வைத்து வணிகருக்கு நிறுக்கப்படுகிறது. உரத்துக்கும் உழவுக்கும் பட்ட கடனை அன்றே தீர்க்கவேண்டியிருப்பதால் விலை குறைந்த மாசியில் நெல்லை விற்கும் குடும்பம், விலை உயர்ந்த கார்த்திகையில் அரிசியை வாங்குகிறது. கரையிலும் இதற்கு ஒப்பானதோர் இழப்பு உண்டு. கரைவலையைக் கையால் இழுத்த காலத்தில், வலையில் கைவைத்த ஒவ்வொருவருக்கும் பங்கும், பங்குக்குப் புறம்பாகக் கறிக்கு மீனும் உரித்தாயிருந்தன. வள்ளமோ வலையோ இல்லாத விதவையின் மகனும் கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு மீன் கொண்டுபோனான். உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலியால் வலையை இழுக்கத் தொடங்கியபின் வலையின் உரிமையாளரான சம்மாட்டியின் செலவு குறைந்தது. கயிற்றைப் பிடித்த கைகளின் உரித்து எவரும் அறியாமலே அற்றுப்போயிற்று. சென் கூறியது இதுவே: மீன் குறையாமலே உணவு குறையும்.

உயிர்காத்தல் மட்டும் போதாது என்பதற்குப் பங்களாதேசம் சான்று. 1970 நவம்பர்ப் புயலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரை இழந்த அந்நாடு, தன்னார்வத் தொண்டர்களையும் புகலிடக் கட்டடங்களையும் கொண்டு, 2007இல் அதற்கு நிகரான சித்ர் புயலில் இழப்பை ஏறத்தாழ 3,400ஆகக் குறைத்தது. அது மாபெரும் சாதனை. ஆனால் 2009 மே மாதத்தில் வந்த அய்லா, காற்றின் வேகத்தில் சிறிதாயினும், கரையணைகளை உடைத்து உவர்நீரை வயல்களில் நிறுத்திவிட்டது. உயிர்தப்பிய குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அணைகளின் மேல் குடிசை போட்டு வாழ்ந்தன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்பின் இலங்கையில் எச்சரிக்கைக் கோபுரங்களும் மாவட்ட நிலையங்களும் தோன்றின. 2020இல் புரெவி கரையேறுமுன் மக்கள் அகற்றப்பட்ட முறை முன்னைய அனுபவங்களோடு ஒப்பிடுகையில் முன்னேற்றமே. குறை வேறிடத்தில் உள்ளது: சமைத்த உணவும் உலருணவுப் பொதியும் புயலுக்குப் பின்னரே வருகின்றன, பயிரிழப்பு மதிப்பீடு மாசியில் முடிகிறது, இழப்பீடு அதற்கும் பிந்துகிறது.

எனவே செய்யத்தக்கவற்றுள் முதலாவது, காலத்தை முன்னே நகர்த்துவதே. கரையோரக் கூட்டுறவுச் சங்கங்கள் மாசி-பங்குனியில் உள்நாட்டுக் கமக்காரர் அமைப்புகளிடமிருந்து நேரே நெல் வாங்கி உலர்த்தி வைக்கவும், ஆடியில் கருவாடு மலிந்திருக்கும்போது அதற்கு மாற்றாகக் கரையிலிருந்து உள்ளே அனுப்பவும் அரசு செய்யவேண்டிய உதவி, உலர்தளமும் களஞ்சியமும் குறைந்த வட்டிச் சுழற்சிப் பணமும் ஆகியவையே. நுண்கடன் நிறுவனங்களிடம் கார்த்திகையில் வாங்கப்படும் கடனின் பெரும்பகுதி அடுப்புக்காக வாங்கப்படுவது என்பதை அறிந்தோர் இதை வீண்செலவு என்னார். புரட்டாதி முடிவதற்குள், எந்தப் புயலும் முன்னறிவிக்கப்படாத நிலையிலேயே, களஞ்சியம் நிறைந்திருக்கவேண்டும். கரையோரத் தாழ்நிலங்களுக்கான விதைநெல்லும் அங்கேயே இருக்கலாம்.

இரண்டாவது, ஒரு கூட்டத்தைப் பற்றியது. ஒவ்வொரு போகத்துக்கும் முன், குளத்து நீரின் அளவைப் பார்த்து விதைப்பு நாளையும் நீர் திறக்கும் நாளையும் பயிரின் இனத்தையும் தீர்மானிக்க, மாவட்டச் செயலரின் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகிறது. அதன் தீர்மானங்களுக்குச் சட்டவலு உண்டு. அதில் கமக்காரர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை அலுவலர் அமர்கின்றனர். அக்குளங்களுக்கு நீர்தரும் ஆறுகளின் கடைக்கோடியில் வாழும் நந்திக்கடல், நாயாற்றுத் தொழிலாளருக்கு அங்கு நாற்காலி இல்லை. முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புக் கூட்டங்களில் அவர்களின் சங்கப் பிரதிநிதிகளை அமர்த்தி, தொடுவாய் வெட்டும் நீர்மட்டத்தையும் வான்கதவு திறப்பை முன்னறிவிக்கும் முறையையும் அக்கூட்டத்தின் பதிவேட்டிலேயே எழுதுவதற்குப் புதிய திணைக்களமோ வெளிநாட்டு நிதியோ தேவைப்படாது. பேராற்றின் மேற்பகுதி வவுனியா மாவட்டத்திலும் கீழ்ப்பகுதி முல்லைத்தீவு மாவட்டத்திலும் இருப்பதால், நெடுங்கேணியின் கமக்காரர் அமைப்புகளும் அங்கு சென்று அமர்வதற்கு இரு மாவட்டச் செயலகங்களும் இணங்கவேண்டியிருக்கும்.

மூன்றாவது, பட்டியல். புயலுக்குப்பின் தொழிலிழப்புக்கான உதவி, பதிவுபெற்ற படகையும் உரிமத்தையும் வைத்தே பெரும்பாலும் கணிக்கப்படுகிறது. நந்திக்கடலில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை, ஆகவே அப்பட்டியலில் அவரும் இல்லை. போரின்பின் குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் மிகுந்துள்ள ஒரு மாவட்டத்தில் இது சிறு விடுபாடு அன்று. கருவாடு காயவைப்போர், நண்டு கழற்றுவோர், பிறர் வயலில் களைபிடுங்கும் கரையோரக் கூலிகள் ஆகியோரும் அவ்வாறே. கிராம அலுவலர் ஒவ்வோர் ஆவணியிலும் சங்கங்களோடு இருந்து, தொழில்வாரியாகவும் மாதவாரியாகவும், எந்த வீட்டுக்கு எந்த மாதத்தில் எதிலிருந்து சோறு வருகிறது எனப் பதியும் ஏடு ஒன்றைத் தொடங்கினால், கார்த்திகையில் வெள்ளம் புகும்போது எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பதற்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அந்த ஏட்டைத் தயாரிக்கும் அதிகாரம் பிரதேச செயலாளருக்கு இன்றைய சட்டத்தின்கீழேயே உண்டு.